பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறுமா? கடைக்குப் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்த 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பள்ளிப் பாடம் வீட்டுக்கே வந்தது. ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் மாறி மாறிப் படித்த பல குடும்பங்கள், புதிய மடிக்கணினி வாங்க வசதியில்லாமல், புதுப்பிக்கப்பட்ட பழைய மடிக்கணினிகளைச் சில நூறு ரிங்கிட்டுக்கு வாங்கின. தோட்டப்புறத்திலும் நகர்ப்புற அடுக்குமாடிகளிலும் அவை இன்னும் உழைக்கின்றன. எஸ்பிஎம் பயிற்சி, பல்கலைக்கழக விண்ணப்பம், ஆலயக் கணக்கு என எல்லாம் அதில்தான் நடக்கின்றன.

அவற்றில் பல விண்டோஸ் 10 இயங்குதளத்தில் ஓடுகின்றன. அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. “இது இனி உதவாது, புதுசு வாங்கிடுங்க” என்று கடையில் சொல்லக் கேட்டுப் பணத்தைப் புரட்டும் முன், மடிக்கணினியில் ஓர் எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

நின்றுபோனது எது?

ஆதரவு முடிந்தது என்பதால் மடிக்கணினி நின்றுவிடாது. கோப்புகளும் அழியாது. மாதந்தோறும் இலவசமாக வந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நின்றுள்ளன. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் இனி அடைக்கப்படாது. இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்தும் வீட்டில் இது அலட்சியப்படுத்தக் கூடிய விஷயமன்று.

இதைச் சாக்காக வைத்து ஏமாற்றுவோரும் உண்டு. “உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்” என்று திரையில் வந்தால் அழைக்கவே கூடாது. மைக்ரோசாப்ட்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. பணம் பறிபோயிருந்தால் உடனே வங்கியையும் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய எண்

அனுமதி பெற்ற விண்டோஸ் 10 உள்ள, தகுதியான மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 இலவசம். அந்தத் தகுதியைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதன் செயலி, அதாவது பிராசசர். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று வரிசையாகத் திறந்தால் செயலியின் பெயர் தெரியும்.

‘ஐ5’ என்ற ஒட்டுவில்லையை மட்டும் பார்த்தால் போதாது. ஐ5-6300யூ என்றால் ஆறாம் தலைமுறை. ஐ5-7300யூ ஏழாம் தலைமுறை. ஐ5-8350யூ எட்டாம் தலைமுறை. கோட்டுக்கு அடுத்த முதல் எண்தான் தலைமுறை. ஐ5-10210யூ போல நீளமாக இருந்தால் முதல் இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்டெல் கோர் வரிசையில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் ஏற்கப்படுகின்றன. மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அதற்கு முந்தியவை ஏற்கப்படுவதில்லை.

ஏஎம்டி, செலரான் செயலிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு மைக்ரோசாப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலியே சரியான பதிலைத் தரும்.

இவற்றோடு 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பகம் ஆகியவை குறைந்தபட்சத் தேவை. நடைமுறையில் 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால்தான் வேகம் திருப்தியாக இருக்கும். ஆனால் ராமைக் கூட்டினாலும் எஸ்எஸ்டி மாற்றினாலும் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிக்குத் தகுதி வந்துவிடாது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எண் சரி, ஆனாலும் ‘தகுதியில்லை’ என்கிறதா?

எட்டாம் தலைமுறை மடிக்கணினியும் சில வேளைகளில் தகுதியில்லை என்று காட்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ளே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருப்பது இதற்கு ஒரு பொதுவான காரணம். மடிக்கணினியைத் தொடங்கும்போது திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 விசையை அழுத்தினால் பயாஸ் பக்கம் திறக்கும். அங்கே ‘செக்யூரிட்டி’ பகுதியில் அதை இயக்கலாம்.

அதற்கு முன் பிட்லாக்கர் என்ற பூட்டு இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பயாஸில் மாற்றம் செய்தபின் மடிக்கணினி அந்த எண்ணைக் கேட்கலாம். எண் இல்லாவிட்டால் கோப்புகளைத் திறக்க வழியில்லை.

‘லெகசி’ முறையிலிருந்து ‘யூஇஎஃப்ஐ’ முறைக்கு மாற்ற வேண்டியிருந்தால் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. வட்டின் அமைப்பை மாற்றாமல் இதை மட்டும் மாற்றினால் விண்டோஸ் தொடங்காது.

ஏற்றும் முன்

முதலில், முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவிலோ வெளி வன்தட்டிலோ நகலெடுக்க வேண்டும். வழக்கமான மேம்பாட்டில் கோப்புகள் அப்படியே இருக்கும். என்றாலும் இடையில் மின்சாரம் போனால் நகல்தான் கைகொடுக்கும்.

அடுத்து, செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தைப் பார்க்க வேண்டும். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருந்தால் நல்லது. ‘உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாக’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தால், வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம் என்று விற்றவரைக் கேட்கலாம். கள்ள மென்பொருள் போட்டு விற்றதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

பதிவிறக்கம் 4 ஜிபிக்கு மேல் போகும். கைப்பேசி டேட்டாவை நம்பியிருக்கும் தோட்டப்புறக் குடும்பங்கள், வைஃபை உள்ள உறவினர் வீட்டில் 8 ஜிபி பென்டிரைவில் அதை ஏற்றிக்கொண்டு வரலாம். விண்டோஸ் 10 இயங்கும்போதே பென்டிரைவில் உள்ள ‘செட்டப்’ கோப்பைத் திறந்து, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால் போதும். சார்ஜர் இணைந்தே இருக்கட்டும். மாறியபின் பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம்.

ஏறாத மடிக்கணினியை என்ன செய்வது?

ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தியதோ என்றால் இரண்டு வழிகள் உண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குத் திருத்தங்கள் வரும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணமில்லை. ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே இதற்கான இணைப்பு இருக்கும்.

மற்றொன்று, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம். கூகள் கிளாஸ்ரூம், கல்வியமைச்சின் டெலிமா தளம் போன்றவை உலாவியிலேயே திறக்கும். லிப்ரே ஆபிஸில் கட்டுரை தட்டச்சு செய்யலாம். மைக்ரோசாப்ட் ஆபிஸை மட்டும் உலாவி வழியாகத்தான் பயன்படுத்த முடியும்.

சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ வலிந்து ஏற்றித்தரும் கடைகளும் உள்ளன. அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காகத்தான் மாறுகிறோம் என்றால், அதற்கே உறுதியில்லாத வேலைக்குக் கூலி கொடுப்பதில் பயனில்லை.

இனி வாங்குவோருக்கு

புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருபவற்றில் பல, நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கைமாற்றியவை. திங்க்பேட் டி470, டி480 இரண்டும் அருகருகே இருந்தால் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது கடினம். முன்னதில் இருப்பது ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை; பின்னதில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை. ஆகவே கடையிலேயே மடிக்கணினியைத் திறக்கச் சொல்லி, ‘அபவுட்’ பக்கத்தையும் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தையும் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம். பயாஸில் கடவுச்சொல் கேட்கிறதா என்பதையும் அங்கேயே சோதிக்க வேண்டும். பழைய நிறுவனம் போட்ட பூட்டாக இருந்தால் பின்னர் திறப்பது பெரும்பாடு.

இந்தச் சோதனைகளுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளையின் படிப்புக்காகச் சேர்த்த பணத்தைத் தேவையில்லாத மடிக்கணினிக்குச் செலவழிக்கும் முன் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கலாம்.