மாற்றிய எஞ்சினும் மறைந்து நுழையும் காற்றும்



தோட்டத்தில் ஒரு குடும்பத்திடம் வேன் இருக்கிறதென்றால், அது அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் உதவுவதன்று. காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்வது அந்த வேன்தான். சம்பளம் போட்ட மறுநாள் சாமான் வாங்கப் பட்டணம் போவதும், நடுராத்திரியில் வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பதும் அந்த வேன்தான். அதன் எஞ்சின் தேய்ந்துபோனால், புத்தம் புதிய எஞ்சின் வாங்க நம்மில் யாருக்குக் கட்டுபடியாகும்? ஜப்பானில் ஓடி, பாதியாக வெட்டப்பட்டு, கப்பலில் வந்து இறங்கும் 'ஹாஃப்கட்' வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சினைத்தான் வாங்கிப் பொருத்துகிறோம். அதற்கே நகை அடகுக்குப் போகிறது, அல்லது கூட்டுப் பணம் கரைகிறது.

இப்படி மாற்றிய எஞ்சின் சில சமயம் ஒழுங்காக ஓடுவதில்லை. காலையில் எளிதில் பிடிப்பதில்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது ஏறி இறங்கி உறுமுகிறது. மிதித்தால் ஒரு கணம் தயங்குகிறது. காபரேட்டர் வழியாக 'படார், படார்' என்று வெடிக்கிறது. மேடு ஏறும்போது 'கிளிங் கிளிங்' என்று உலோகம் தட்டுவதுபோல ஒலி வருகிறது. சூட்டு முள்ளும் மேலே போகிறது. "இருநூறு மைல் ஓடட்டும் அண்ணே, தானாகச் சரியாகிவிடும்" என்று பட்டறையில் சொல்லுவார்கள். இது தானாகச் சரியாகும் கோளாறு அன்று. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் எஞ்சின் எரிகிறது என்பதற்கான அடையாளங்களே இவை. பட்டறையில் இதை 'லீன்' என்பார்கள். நாம் மெலிந்த கலவை என்று சொல்லுவோம்.

ரப்பர்ப் பாலை உறைய வைக்க மருந்து கலக்கும்போது அளவு பார்ப்பதில்லையா? எஞ்சினிலும் அப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று இதைவிட மிகுந்துபோனால் நெருப்பு மெதுவாகப் பரவுகிறது. புகை வால்வு திறக்கும் நேரத்திலும் உள்ளே எரிந்துகொண்டே இருப்பதால், வால்வின் விளிம்பு கருகுகிறது. அடுத்த முறை உள்வாங்கும் வால்வு திறக்கும்போதும் அணையாத நெருப்பு மிச்சமிருந்தால், அது பின்புறமாகப் பாய்கிறது. காபரேட்டரில் கேட்கும் வெடிச் சத்தம் அதுதான். இந்த நிலையில் பாரம் ஏற்றி மேடு ஏறினால், பிஸ்டனின் தலையே உருகித் துளை விழக்கூடும். நகையை அடகு வைத்து வாங்கிய எஞ்சின் சில மாதங்களிலேயே பழைய இரும்பாகிவிடும்.

எஞ்சின் மாற்றிய பிறகு ஏன் இது அடிக்கடி வருகிறது? கழற்றி மாட்டியதுதான் காரணம். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள பகுதியில், எஞ்சின் ஓடும்போது வலுவான உறிஞ்சு விசை இருக்கும். அங்கே மயிரிழை அளவு சந்து இருந்தாலும், காபரேட்டர் அளந்து விடாத காற்று உள்ளே போய்விடும். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள். ஜப்பான் வண்டியின் எஞ்சினில் புகைக் கட்டுப்பாட்டுக்கென்று மெல்லிய ரப்பர்க் குழாய்கள் நிறைய இருக்கும். நம் வண்டியில் அவற்றுக்கு இடம் இராது. சிலவற்றை ஆணி செருகி அடைத்திருப்பார்கள், சிலவற்றை மறந்திருப்பார்கள். குவியலில் வெயில்பட்டுக் கிடந்த குழாய்கள் வெடித்திருக்கும்.

பட்டறைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. பழைய காபரேட்டர் வேன் என்றால் முதலில் சோக்கைப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு சோக்கைச் சிறிதளவு இழுங்கள். நல்ல கலவையில் ஓடும் எஞ்சின் இதனால் திணறும். மாறாக, உறுமல் அடங்கிச் சீராக ஓடினால், கலவை மெலிந்திருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. சோக் காற்றைக் குறைத்ததால், கலவை சமநிலைக்கு வந்திருக்கிறது. "சோக்கை இழுத்தால்தான் ஓடுது" என்று சொல்லி, அப்படியே மாதக் கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வைத்தியம் ஆகாது.

அடுத்து பிளக். ஒரு மேடு ஏறி வந்து, எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் கழற்றிப் பாருங்கள். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்பது தெரியும்படி வரிசையாக அடுக்கி வையுங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தால் மெலிந்த கலவை. நான்கும் வெளுத்திருந்தால் கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில், அதாவது காபரேட்டரிலோ பெட்ரோல் வரும் வழியிலோ இருக்கிறது. ஒன்றோ இரண்டோ மட்டும் வெளுத்திருந்தால், அந்தத் துளைகளுக்கு அருகில்தான் காற்று நுழைகிறது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

எப்போது கோளாறு மிகுகிறது என்பதையும் கவனியுங்கள். நிற்கும்போது மோசமாக ஓடி, வேகம் எடுத்தபின் சரியாகிவிட்டால் காற்றுக் கசிவு. நிற்கும்போது உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான். அதில் கசிவுக் காற்று பெரும் பங்காகிவிடுகிறது. மாறாக, நிற்கும்போது நன்றாக ஓடி, பாரத்துடன் மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால், பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. வடிகட்டி அடைத்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், பல மாதம் நின்ற வண்டியின் டாங்கித் துரு குழாயில் இறங்கியிருக்கலாம். வேறு வண்டியின் காபரேட்டரை மாட்டியிருந்தால், அதன் ஜெட் துளை நம் எஞ்சினுக்குச் சிறியதாகவும் இருக்கலாம். ஜெட்டின் மேல் எண் பொறித்திருக்கும். கழற்றியதன் எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

காற்றுக் கசிவைத் தேட, சிலர் ஓடும் எஞ்சின்மேல் பெட்ரோலையோ காபரேட்டர் கழுவும் திரவத்தையோ பீச்சுகிறார்கள். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இது பெரிய ஆபத்து. செடிக்குத் தெளிக்கும் கைக்குழலில் தண்ணீர் போதும். காபரேட்டரின் அடிப்பாகம், கேஸ்கெட்டின் ஓரம், குழாய் முனைகள் ஆகியவற்றில் மென்மையாகத் தெளியுங்கள். மின்சாரக் கம்பிகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசிவின்மேல் தண்ணீர் படும்போது எஞ்சினின் ஓட்டம் ஒரு கணம் மாறும். ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் ஓரமாகக் கொண்டுபோனால், 'உஸ்' என்ற ஒலியையும் கேட்கலாம். கைலியோடும் அவிழ்த்துவிட்ட கூந்தலோடும் விசிறிக்கு அருகில் போகவேண்டாம். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது ஓட்டம் சீராகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு.

இந்தக் குழாய்களில் ஒன்றைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய் அது. பிரேக்கை மிதிக்க நம் காலுக்கு உதவும் விசை இந்தக் குழாய் வழியாகத்தான் கிடைக்கிறது. இதில் வெடிப்பு இருந்தால் எஞ்சின் மெலிந்து ஓடும். பிரேக் மிதியும் கல்லாக இறுகும். பிள்ளைகள் நிறைந்த வேன் இறக்கத்தில் வரும்போது, இது எஞ்சின் கோளாறாக மட்டும் நின்றுவிடாது. சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு காலை அதன்மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டு எஞ்சினை எழுப்புங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கவேண்டும். இறங்கவில்லை என்றால், அதைச் சரிசெய்யும்வரை யாரையும் ஏற்றவேண்டாம்.

மெலிந்து ஓடுகிறது என்றதும், காபரேட்டர் திருகைத் திறந்தோ ஜெட்டைப் பெரிதாக்கியோ பெட்ரோலைக் கூட்டுகிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. என் கருத்தில் அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. ஓட்டை இருக்கும்போது பெட்ரோலைக் கூட்டினால், கசிவில்லாத துளைகளுக்குப் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகும், செலவு ஏறும், பிரேக் குழாயின் வெடிப்போ அப்படியே மறைந்திருக்கும். முதலில் காற்று நுழையும் வழியை அடைக்கட்டும். பின்னர் தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கட்டும். அதன் பிறகு திருகைத் தொடட்டும்.

கணினி பொருத்திய புதிய வகை வேன்களில் சோக் கிடையாது. அங்கே சோதனைக் கருவியை மாட்டினால் பி0171 என்ற குறி வரலாம். கலவை மெலிந்தது என்பதே அதன் பொருள். கணினி தானாகக் கூட்டிக்கொடுக்கும் பெட்ரோல் அளவையும் கருவி காட்டும். அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். 20 சதவிகிதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தால் கோளாறு உண்டு. காற்றை அளக்கும் உணரி உள்ள வண்டியில், நிற்கும்போது மட்டும் அந்த எண் மிகுந்தால் காற்றுக் கசிவு. பாரத்தில் மிகுந்தால் பெட்ரோல் குறைவு. முன்பு சொன்ன அதே கணக்குத்தான். ஒன்று மட்டும் புதிது: எஞ்சின் மாற்றும்போது புகைக்குழாயின் இணைப்பு சரியாகப் பொருந்தாவிட்டால், அந்தச் சந்தில் வெளிக்காற்று புகுந்து ஆக்சிஜன் உணரியை ஏமாற்றும். உண்மையில் மெலியாத கலவையையும் மெலிந்ததாகக் கணினி எண்ணி, பெட்ரோலை வீணாக ஊற்றும். ஆகவே உணரியை மாற்றக் காசு கொடுக்குமுன், புகைக்குழாயின் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

எல்லாம் சரியான பிறகு ஒரு வாரம் ஓட்டுங்கள். புதிய கேஸ்கெட் சூட்டில் அமுங்கியிருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் ஒரு காலை வேளையில் ஆணிகளை மறுபடியும் இறுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே பிளக்குகளையும் கழற்றி நிறம் பாருங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் புதிய எஞ்சின் எண்ணைப் பதிந்தாகிவிட்டதா என்பதையும் பட்டறைக்காரரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். கடையில் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்; பதியும்போது அது தேவைப்படும்.