பிள்ளைக்கு லென்ஸ் போடலாமா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம். கண்ணாடி போட்ட மகள் ஒருநாள் வந்து, "அம்மா, எனக்கு கான்டாக்ட் லென்ஸ் வேணும்" என்கிறாள். கபடி ஆடும்போது கண்ணாடி வழுக்குகிறது; வகுப்பில் யாரோ 'சோடாபுட்டி' என்கிறார்கள். இரண்டும் நியாயமான காரணங்கள்தான். நாம் உடனே கேட்பது: "இந்த வயசுலயா?"

இந்த வயசுக் கணக்கில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அதன்பின் பல கைக்குழந்தைகளுக்கு கான்டாக்ட் லென்ஸ்தான் பொருத்துகிறார்கள். பெற்றவர்கள் போட்டுக் கழற்றுகிறார்கள். கைக்குழந்தையின் கண்ணே தாங்கும்போது பத்து வயதுக் கண் தாங்காதா? அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளையும் பதின்வயதினரையும் ஒப்பிட்டார்கள். சின்னவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய கால் மணி நேரம்தான் கூடுதலாகப் பிடித்தது. அதுவும் பெரும்பாலும் போடவும் கழற்றவும் பழகுவதற்கு.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? கண்ணின் முன்பக்கத்தில் கார்னியா என்ற கண்ணாடி போன்ற படலம் இருக்கிறது. அதில் ரத்தக்குழாய் கிடையாது. கண் திறந்திருக்கும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜன் கண்ணீரில் கரைந்துதான் அதற்குப் போய்ச் சேருகிறது. நல்ல லென்ஸ், ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டிய துணி மாதிரி, காற்று போகும். லென்ஸோடு தூங்கினால் இமையும் மூடிக்கொள்கிறது. வேட்டின்மேல் தட்டைக் கவிழ்த்த கதைதான்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீர், கிணறு, நீச்சல்குளம் எதிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸோடு சேர்ந்தால் அது கார்னியாவைத் தின்னும், பார்வையே போகலாம். அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் கிண்ணம் போல நிற்க வேண்டும். விளிம்பு தட்டு மாதிரி வெளியே விரிந்தால் அது உள்வெளி மாறியிருக்கிறது. இத்தனையும் காலையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும் நேரத்தில்!

ஆகவே இரண்டு வாரம் பிள்ளையைச் சும்மா கவனியுங்கள். சொல்லாமலே கை கழுவுகிறாளா? ராத்திரி கண்ணாடி அதன் பெட்டிக்குள் போகிறதா? லென்ஸ் ஆசை அவளுடையதா, நம்முடையதா? அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை என்றால், முதலில் அதற்கு வைத்தியம் பார்க்கட்டும்.

போடுவதென்றால், ஒரு நாள் போட்டுத் தூக்கி எறியும் வகையே பிள்ளைகளுக்கு நல்லது. செலவு கூடும், கழுவிச் சேமிக்கும் வேலை இல்லை. கண்ணாடியையும் விட்டுவிடக் கூடாது. கண் சிவந்தாலோ வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ, லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.