அந்த பர்கர் இனிக்கும், தெரியுமா?

எள் தூவிய பன், ஓரத்தில் உருகி வழியும் சீஸ், நடுவில் நன்றாக வாட்டிய இறைச்சி வட்டு. பார்த்ததுமே வாயில் எச்சில் ஊறுகிறது. கத்தியை வைத்து அறுத்தால்... உள்ளே கேக்! பன்னும் கேக், கறியும் கேக், பக்கத்தில் குவிந்து கிடக்கும் ஃபிரெஞ்ச் ஃபிரைஸும் கேக்!

2020 ஜூலையில், கொரோனாவால் உலகமே தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது நினைவிருக்கிறதா? இஸ்தான்புல்லைச் சேர்ந்த கேக் கலைஞர் டூபா கெச்கிலின் படைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துக் காட்டிய வீடியோ அது. ரப்பர் செருப்பை அறுத்தாலும் கேக்தான்! அந்தப் பைத்தியம் தெளிவதற்குள் 2022 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் 'இஸ் இட் கேக்?' என்று ஒரு போட்டியையே தொடங்கிவிட்டது. அசலும் கேக்கும் கலந்து வரிசையாக இருக்கும். நடுவர்கள் தள்ளி நின்று பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் விட்டால் வெண்ணெய் வாசனையே காட்டிக்கொடுத்துவிடுமே! பக்கத்தில் விட்டால் வெண்ணெய் வாசனையே காட்டிக்கொடுத்துவிடுமே!

இதெல்லாம் இன்ஸ்டாகிராம் காலத்துக் கூத்து என்று நினைத்தீர்களா? 1969-க்குப் போவோம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரம். ஐஸ்கிரீம் கடைக்காரரின் மகன் தாரியோ ஃபொன்டனெல்லா, ஸ்பேட்ஸ்லே என்ற நூடுல்ஸ் பிழியும் அச்சை (நம் இடியாப்ப உழக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி!) எடுத்து, அதில் வெனிலா ஐஸ்கிரீமைப் பிழிந்தார். மேலே தக்காளி சாஸுக்குப் பதில் ஸ்ட்ராபெரி சாஸ், சீஸ் துருவலுக்குப் பதில் வெள்ளை சாக்லேட் துருவல். தட்டில் இருப்பது அச்சு அசல் ஸ்பெகட்டி! அச்சை முதலில் ஃப்ரீசரில் வைத்து ஜில்லிட வைத்ததுதான் சூட்சுமம்; இல்லாவிட்டால் இழை இழையாக விழாமல் கூழாகிவிடும். முதன்முதலில் இதைப் பார்த்த குழந்தைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓவென்று அழுதார்கள்! ஐஸ்கிரீம் கேட்டால் ஸ்பெகட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்களே என்று. இன்று ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை என்றாலே 'ஸ்பெகட்டி ஐஸ்' இருக்கும்.

சரி, பர்கருக்கு வருவோம். அதில் கறியாக நடிப்பது எது? சாக்லேட் பிரவுனி! கேக்கின் மற்ற பாகங்களுக்கெல்லாம் மேல்பூச்சு போடுகிறவர்கள், பிரவுனியை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதன் சொரசொரப்பும் வெடிப்பும்தான் வாட்டிய கொத்துக்கறியின் தோற்றம். லெட்டூஸ் இலை? ஃபாண்டன்ட் எனப்படும் சர்க்கரை மாவில் பச்சை நிறம் கலந்து, மெல்லிசாகத் தேய்த்து, ஓரத்தை மட்டும் அழுத்தி அழுத்திச் சுருள விடுவது. சீஸ் அதே மாவில் மஞ்சள் சதுரம். மூலைகள் தொங்க வேண்டும், விறைப்பாக நின்றால் குட்டு உடைந்துவிடும். கெட்சப் இடத்தில் ராஸ்பெரி ஜாம். ஃபிரைஸுக்கு வெண்ணெய் கேக்கை நீள நீளமாக வெட்டி ஓவனில் லேசாக முறுகவிட்டால் போதும், மேலே உப்புக்கல் மாதிரி பருமனான சர்க்கரை! பன்னின் உச்சியில் அடர் பழுப்பு, பக்கவாட்டில் வெளிறிய நிறம் என்று தூரிகையால் தீட்டுகிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் அது பொம்மைக் கடை பர்கர். என்னைக் கேட்டால், இந்தக் கலையில் சிற்ப வேலை பாதிதான். மீதிப் பாதி, எதை ஒழுங்கில்லாமல் விடுவது என்ற கணக்கு.

பன்னின் மேல் மின்னும் எண்ணெய்ப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? இனிப்புகளுக்குப் பூசும் பல மெருகுகளில் இருப்பது, நம்புங்கள், அரக்கு! மரக்கிளைகளில் வாழும் குட்டியூண்டு அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்திகரித்து எடுப்பது. உணவுப் பொருள் பட்டியலில் அதற்கு இ904 என்று எண்ணே உண்டு. உலகில் அதை அதிகம் விளைவிக்கும் நாடுகளில் முன்வரிசையில் இருப்பது நம் இந்தியா.

இந்த வேஷம் பர்கரோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் சிந்தியா வாங் என்ற இனிப்புக் கலைஞர் வாளி நிறையக் கோழி வறுவல் விற்கிறார். கடித்தால் வாஃபிள் சுவை ஐஸ்கிரீம்! மொறுமொறு தோல், நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸ். உள்ளே இருக்கும் எலும்பு? சாக்லேட்டில் முக்கியெடுத்த பிஸ்கட்! பெயரே 'நாட் ஃபிரைட் சிக்கன்'. இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் சாக்லேட்டில் சலாமி என்ற தொத்திறைச்சியைப் போல உருட்டி, கொழுப்புத் துண்டுகளுக்குப் பதில் பிஸ்கட் நொறுக்கு சேர்த்து, கயிறு கட்டி வைக்கிறார்கள். ஸ்வீடன்காரர்கள் நேர் எதிர்: க்ரீம் கேக் மாதிரி ஜோடித்த பிறந்தநாள் 'கேக்'கை வெட்டினால் ரொட்டி, மயோனைஸ், இறால்!

இப்போது நாக்கின் கதை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் புகையூட்டிய சால்மன் மீனில் ஐஸ்கிரீம் செய்து கொடுத்தார்கள். 'ஐஸ்கிரீம்' என்று சொல்லிக் கொடுத்தபோது சாப்பிட்டவர்கள் முகம் சுளித்தார்கள், உப்பு தூக்கல் என்றார்கள். அதையே 'உறைய வைத்த கார மூஸ்' என்று சொன்னபோது பரவாயில்லை என்றார்கள். கிண்ணத்தில் இருந்தது ஒரே பண்டம்! கண்ணும் காதும் முன்கூட்டியே சொன்ன சுவை வராவிட்டால் நாக்கு கோபித்துக்கொள்கிறது. பர்கர் கேக்கை முதல் கடி கடிப்பவர் ஒரு கணம் திருதிருவென்று விழிப்பதும் இதனால்தான்.

வீட்டு விசேஷத்துக்கு இப்படி ஒன்று செய்யப்போகிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சைவம் சாப்பிடுபவர்களிடம் முட்டை இருக்கிறது, ஃபாண்டன்டில் ஜெலட்டின் இருக்கலாம் என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாதாம், வேர்க்கடலை சேர்த்திருந்தால் அவை ஒவ்வாதவர்களிடமும்தான். பார்வைக்கு பர்கராக இருப்பதில் பாதாம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.