கித்தாரில் திறந்த சுருதி

கித்தாரின் தந்திகளை வழக்கமாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று கூட்டுவார்கள். மெட்டில் விரல் வைக்காமல் ஆறையும் சேர்த்து மீட்டினால் இசைவான ஒலி வராது. விரல் வைக்காமலே ஒரு முழுக் கார்டு ஒலிக்கும்படி தந்திகளை மாற்றிக் கூட்டும் முறைக்குத் திறந்த சுருதி, அதாவது ஓப்பன் டியூனிங், என்று பெயர்.

இதை அமெரிக்க புளூஸ் இசையோடும் ஹவாய் கித்தாரோடும் மட்டும் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. சரஸ்வதி வீணையின் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கு தந்திகளும் ச, ப, ச, ப என்றே நிற்கின்றன. தாளத்துக்கான மூன்று பக்கத் தந்திகளும் ச, ப, ச தான். சிறுசேரியில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பி கித்தார் பழகும் ஒருவர், அதே பழைய மாமல்லபுரச் சாலையின் வடமுனையை ஒட்டிய திருவான்மியூர் கலாக்ஷேத்திராவை நினைத்துக்கொள்ளலாம். அங்கே பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி கற்பித்த கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது. தந்திமேல் கட்டையை வழுக்கி வாசிப்பார்கள். ஸ்லைடு கித்தாரும் அடிப்படையில் அதே உத்திதான். கித்தாரை மாற்றியமைத்து மோகன வீணை ஆக்கிய விஷ்வ மோகன் பட், அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் 1993இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது.

கூட்டும் விதம்

தொடக்கத்துக்கு ஓப்பன் டி ஏற்றது. தடித்த ஆறாம் தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. நம் கணக்கில் இரண்டு கட்டை சுருதியில் ச, ப, ச, க, ப, ச. இதில் எந்தத் தந்தியையும் ஏற்ற வேண்டாம். நான்கை இறக்கினால் போதும். அதனால் அறுந்துவிடும் என்ற பயமில்லை.

செயலி இல்லாமலும் கூட்டலாம். நான்காம், ஐந்தாம் தந்திகளைத் தொட வேண்டாம். ஆறாம் தந்தியை நான்காவதற்கு ஒரு ஸ்தாயி கீழே சேரும்வரை இறக்குங்கள். முதல் தந்தி நான்காவதற்கு ஒரு ஸ்தாயி மேலும், இரண்டாம் தந்தி ஐந்தாவதற்கு ஒரு ஸ்தாயி மேலும் சேர வேண்டும். நான்காம் தந்தியின் நான்காவது மெட்டை அழுத்தினால் வரும் ஒலிக்கு மூன்றாம் தந்தியை இறக்குங்கள். தந்திகளின் இழுவை மாறுவதால் முதலில் கூட்டியவை சற்று நகர்ந்திருக்கும். இன்னொரு சுற்று சரிபார்க்க வேண்டும்.

மூன்றாம் தந்தியின் காந்தாரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மெட்டை வைத்துக் கூட்டிய காந்தாரம், தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு உயர்ந்திருக்கும். சுருதிப்பெட்டியோடு வாசிப்பவர்கள் அலைவு அடங்கும்வரை இதை மேலும் துளி இறக்குவது நல்லது.

வாசிக்கும் விதம்

முதல் வாரம் கார்டுகளை மறந்துவிடலாம். முதல் தந்தியில் மட்டும் 2, 4, 7, 9, 12ஆம் மெட்டுகளை அழுத்தி, மற்றத் தந்திகளை இடையிடையே மீட்டுங்கள். மோகனம் வந்துவிடும். வீணையைப் போலவே கித்தாரிலும் ஸ்தாயிக்கு 12 மெட்டுகள். எனவே ஆரம்ப வரிசைகள் தெரிந்தவருக்கு இடம் கண்டுபிடிப்பது எளிது. இறக்கிய தந்திகள் தளர்ந்திருப்பதால் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொடுக்கவும் வசதி. மிகத் தளர்ந்து மெட்டில் உரசி இரைந்தால், சற்றுத் தடித்த தந்தி மாட்ட வேண்டும்.

கல்யாணி, சங்கராபரணம் ஆகியவற்றுக்கும் இந்தக் கூட்டல் பொருந்தும். கரகரப்பிரியாவுக்குப் பொருந்தாது. அதில் சாதாரண காந்தாரம் இருக்க, திறந்த தந்தி அந்தர காந்தாரத்தை ஒலித்து ராகத்தைக் கெடுக்கும். அப்போது மூன்றாம் தந்தியை ஜியிலேயே விட்டால் ச, ப, ச, ம, ப, ச கிடைக்கும். ஆங்கிலேயக் கலைஞர் டேவி கிரகாம், மொராக்கோவில் ஊத் வாத்தியம் கேட்டுவந்து 1960களின் தொடக்கத்தில் பரப்பிய கூட்டல் இதுவே. ஆனால் இதன் சுத்த மத்யமம் கல்யாணிக்கு ஆகாது. இந்துஸ்தானியில் மால்கௌன்ஸ் பாடும்போது தம்புராவில் பஞ்சமத்தை நீக்கி மத்யமம் வைப்பார்கள். அதற்கு இணையான நம் இந்தோளத்துக்கு ஏ தந்திகள் இரண்டையும் ஜிக்கு இறக்கிப் பார்க்கலாம்.

இழப்புகளும் உண்டு. ஆறு மாதம் பழகிய கார்டு வடிவங்கள் எதுவும் இங்கே செல்லாது. ஐந்தாம், ஏழாம் மெட்டுகளில் ஒரே விரலைப் படுக்க வைத்தால் ஜி, ஏ மேஜர் கார்டுகள் உடனே வரும். மைனர் கார்டுகள் அவ்வளவு எளிதல்ல. அடிக்கடி கார்டு மாறும் திரைப்பாடலுக்குத் துணை வாசிப்பவர் வழக்கமான கூட்டலை விடாமலிருப்பதே நல்லது.

பழைய கூட்டலுக்குத் திரும்பும்போது நான்கு தந்திகளையும் மறுபடி ஏற்ற வேண்டும். கடற்காற்றில் துருவேறிய தந்தியாக இருந்தால் அந்தச் சமயத்தில்தான் அறும். முகத்தைச் சற்று விலக்கி, கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள்.