சீட்டு கிடக்கட்டும்... உங்கள் கேள்வி என்ன?

மாசி மாதப் பௌர்ணமி வந்தால் மாமல்லபுரம் கடற்கரை இருளர் பழங்குடியினரின் ஊராகிவிடும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, புடவைகளையே கூடாரமாகக் கட்டித் தங்குவார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மாளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைக்க வந்திருக்கிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்காலையில் மணலில் ஏழு படி அமைத்து, பூ, பழம், தேங்காய் வைத்துப் படைப்பார்கள். பெண் கேட்பது, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அதே மணலில்தான். சாமி வந்தவரிடம் குறி கேட்பதும் உண்டு.

அங்கே குறி கேட்பவர் தனியாள் இல்லை. சுற்றிலும் சொந்தபந்தம் நிற்கும். கேட்டதும் சொன்னதும் பத்துப் பேர் காதில் விழும். பெண் கொடுக்கிறவரும் எடுக்கிறவரும் பக்கத்திலேயே இருப்பதால், சாமி வாக்குக்குப் பிறகு பேச வேண்டியதை அங்கேயே பேசி முடிக்கலாம்.

அதே மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களின் செல்போனில் இன்று இன்னொரு குறி இருக்கிறது: டாரட். வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பினால் சீட்டு எடுத்துப் பலன் சொல்கிறார்கள். 'எதைப் பற்றிப் பார்க்கணும்?' என்று கேட்டதும் பலர் திணறிப்போகிறார்கள். 'பொதுவா சொல்லுங்க' என்று சமாளிக்கிறார்கள்.

திணறலுக்குக் காரணம் நம் பழக்கம். கிளி ஜோசியத்தில் நாம் பெயரைச் சொன்னால் போதும். 'இந்தப் பேருக்கு ஒரு சீட்டு எடும்மா' என்று ஜோசியர் கூண்டைத் திறப்பார். கிளி நடந்து வந்து, அடுக்கிலிருந்து நாலைந்து சீட்டுகளை அலகால் தள்ளிவிட்டு ஒன்றைக் கவ்வும். நெல்மணியைக் கொத்திக்கொண்டு உள்ளே போய்விடும். உறைக்குள் முருகனோ அம்மனோ இருந்தால் அதற்கேற்ற கதையை ஜோசியர் ஆரம்பிப்பார். நாம் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

டாரட் அப்படி இல்லை. மொத்தம் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகப் பிறந்தவை. 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில்தான் குறி சொல்லும் வழக்கம் பரவியது. இன்று பரவலாகப் புழங்கும் படங்களுக்கு மூலம், 1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டு. அதை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர். ஒவ்வொரு படத்துக்கும் பல அர்த்தம் சொல்லலாம். கேள்வி தெளிவாக இருந்தால்தான் அதில் எது நமக்கானது என்று பிடிபடும்.

'பொதுவா சொல்லுங்க' ஏன் ஆபத்து?

1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு, 'இது உங்களுக்கான பலன்' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே வாசகம்! மேலோட்டமாக எதைச் சொன்னாலும் 'நமக்கேதான் சொல்றாங்க' என்று மனசு ஒட்டவைத்துக்கொள்ளும். கேள்வி இல்லாமல் உட்காருகிறவருக்குக் கிடைப்பது அந்தத் தாள்தான்.

யார் கையில் பதில்?

2024 ஏப்ரலில், கடலூர் தொகுதி பா.ம.க. வேட்பாளரான இயக்குநர் தங்கர் பச்சான் பிரசாரத்துக்கு நடுவே கிளி ஜோசியம் பார்த்தார். வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். கிளியைக் கூண்டில் அடைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று வனத்துறை ஜோசியரைப் பிடித்தது. தேர்தலில் ஜெயித்தது காங்கிரஸின் விஷ்ணு பிரசாத். லட்சக்கணக்கான வாக்காளர்கள் கையில் இருக்கும் பதிலைக் கிளியிடம் கேட்டால் அது என்ன செய்யும்?

ஆகவே முதல் சல்லடை இது: பதில் என் கையில் இருக்கிறதா? 'நாளைக்குக் கடலுக்குப் போகலாமா?' என்ற மீனவரின் கேள்விக்குப் பதில் வானிலை மையத்திடம் இருக்கிறது. 'அப்பா பிழைப்பாரா?' என்பது டாக்டரிடம் கேட்க வேண்டியது. டாரட்டில் 'மரணம்' என்றே ஒரு சீட்டு உண்டு. ஏதோ ஒன்று முடிந்து மாற்றம் வருவதாகத்தான் அதற்குப் பலன் சொல்வார்கள். ஆனால், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் மகனுக்கு அந்த விளக்கம் காதில் ஏறுமா? வழக்கு, கடன், மருந்து ஆகிய மூன்றையும் சீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

கேள்வியைத் திருத்துவது எப்படி?

'எனக்கு எப்போ கல்யாணம் ஆகும்?' என்றால் தேதிக்காகக் காத்திருப்பதைத் தவிர உங்களுக்கு வேலை இல்லை. 'வருகிற வரனையெல்லாம் நான் ஏன் தட்டிக்கழிக்கிறேன்?' என்று மாற்றினால் யோசிக்க விஷயம் கிடைக்கும்.

மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் 'இந்த வருஷம் வியாபாரம் எப்படி?' என்று கேட்கலாம். அதைவிட, 'சுற்றுலாப் பயணிகளை நம்பிச் சின்னச் சிலைகளே செதுக்கிக்கொண்டிருக்கிறேன். கோயில் வேலைக்கு மாற என்ன தடுக்கிறது?' என்பது நல்ல கேள்வி. தடுப்பது முதலா, ஆள் பற்றாக்குறையா, பயமா என்பதை அவரேதான் சொல்லியாக வேண்டும்.

'அவர் மனசுல என்ன இருக்கு?' என்று அடுத்தவரை வேவு பார்க்கும் கேள்வியும் வேண்டாம். அவரிடமே கேட்க உங்களுக்கு என்ன தயக்கம் என்று பாருங்கள்.

ஆமா, இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டுமென்றால் நம் வீட்டுப் பெரியவர்களின் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கமே போதும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன் வைத்து, குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்தால் என்ன முடிவு என்பதை எடுப்பதற்கு முன்பே பேசிவிடுவார்கள். டாரட்டிலோ பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பச் சீட்டு எடுக்கச் சொல்கிறவர்கள் அதிகம். ஒவ்வொரு சீட்டுக்கும் காசு கூடுவதுதான் மிச்சம்.

சீட்டுக்கு எதிர்காலம் தெரியும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், முந்தின நாளே கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். 'எப்போ', 'நடக்குமா' என்ற சொற்களை அடித்துவிட்டு, 'நான் என்ன செய்யலாம்' என்று மாற்றி எழுதுங்கள். உங்கள் நல்லது கெட்டது தெரிந்த ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். அவரிடமே பதில் கிடைத்துவிட்டால், டாரட்டுக்கு எடுத்துவைத்த பணத்தை உருப்படியாகச் செலவழியுங்கள்.