எண் பழசு, பொதி புதுசு

ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரிந்தது. எண்ணற்ற இணைய சர்வர்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் இருந்த ஓட்டை அது. அதன் வழியே சர்வரின் நினைவகத்தில் கிடப்பதை, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை, வெளியிலிருந்தே உருவிவிடலாம். 1.0.1-ஜி பதிப்புக்கு மாறச் சொன்னது ஓப்பன்எஸ்எஸ்எல் குழு. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 7-ஆம் வெளியீட்டை வைத்திருந்தவர் அவசரமாக அப்டேட் போட்டுவிட்டுப் பதிப்பெண்ணைப் பார்த்தால், பழைய 1.0.1-இ அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த தேதியும் 2013 பிப்ரவரிதான்.

ஆனால் ஓட்டை அடைபட்டிருந்தது. புதுப் பதிப்பைத் தராமல், திருத்தத்துக்கான வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே தைத்துக் கொடுத்திருந்தது டெபியன். மென்பொருளைக் கட்டித் தரும் பொதியின் முழுப் பெயரில், வால்பகுதியில், ‘டெப்7யு5’ என்றிருந்ததுதான் அதன் அடையாளம். இந்தத் தையல் வேலைக்கு பேக்போர்ட் என்று பெயர். இது தெரியாமல் பதிப்பெண்ணை மட்டும் பார்த்து ‘ஆபத்து’ என்று அறிக்கை தரும் சோதனைக் கருவிகள் இன்றும் இருக்கின்றன.

புதியதையே கொடுத்துவிட்டால் என்ன? டெபியன் 12-இல் 64,419 பொதிகள். ஒன்றின் தோளில் இன்னொன்று நிற்கிறது. அடியில் இருக்கும் நூலகம் தன் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் மேலே இருப்பவை ஆட்டம் காணும். அதனால் ஸ்டேபிள் வெளியீடு வந்தபின் பெரும்பாலான பதிப்புகள் அதில் உறைந்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான கோளாறுகளுக்கான திருத்தங்களும்தான் உள்ளே வரும். புதுப் பதிப்புகள் முதலில் அன்ஸ்டேபிள் கிளைக்குப் போகும். சில நாள் கழித்து, பெரிய கோளாறு இல்லையென்றால், டெஸ்டிங் கிளைக்கு வரும். அடுத்த ஸ்டேபிளுக்கு ஏறக்குறைய ஈராண்டு காத்திருக்க வேண்டும். ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்ற வழங்கல்கள் நேர்மாறு: புதுப் பதிப்பு வந்த சூட்டோடு பயனருக்குப் போய்ச் சேரும்.

புதியது என்றாலே பாதுகாப்பு என்றும் இல்லை. ஹார்ட்பிளீட் ஓட்டையே 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்போடுதான் நுழைந்தது. இன்னும் பழைய 0.9.8-ஐ வைத்திருந்த டெபியன் 6-க்கு அந்த ஓட்டையே கிடையாது.

ஹார்ட்பிளீட் வெளிப்பட்டுப் பத்தாண்டு கழித்து இதே பாடம் இன்னும் கொடூரமாக வந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற சிறு கருவியை நெடுங்காலம் ஒருவரே பராமரித்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, ஓரிரு ஆண்டுகள் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் திருட்டுக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். அதற்குத் தேவையான ஒரு முக்கியத் துண்டு எல்லோர் கண்ணிலும் படும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்புக்குள் மட்டும் இருந்தது. புதுப் பதிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வழங்கல்களுக்கு நெருக்கடியும் வந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துக் காரணத்தைத் துருவினார். மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். அதற்குள் அந்தத் திருட்டுக் கதவு டெபியன் அன்ஸ்டேபிளிலும் டெஸ்டிங்கிலும் டம்பிள்வீடிலும் ஏறிவிட்டிருந்தது. ஸ்டேபிளில் ஏறவில்லை.

டெபியன் செய்த திருத்தம் எனக்கு மறக்காது. பொதியின் எண்ணைப் பின்னோக்கிக் குறைத்தால், கணினி அதை அப்டேட்டாக ஏற்காது. அதனால் ‘5.6.1+ரியலி5.4.5’ என்று பெயர் வைத்தார்கள். வெளியே 5.6.1, உள்ளே, நிஜமாகவே, பழைய 5.4.5.

அதற்காகப் பொதி கட்டும் பராமரிப்பாளரின் கை தவறே செய்யாது என்று சொல்லிவிட முடியாது. 2006-இல் டெபியன் தன் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் எச்சரிக்கைச் செய்தி ஒன்றை நிறுத்துவதற்காகச் செய்த மாற்றத்தால், ரகசியச் சாவிகளின் தற்செயல்தன்மையே போய்விட்டது. ஒரு வகைக் கணினியில், ஒரு அளவுச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான் மிஞ்சின. அது 2008 மே மாதம்தான் வெளிப்பட்டது. மூல ஆசிரியர்களுக்கும் பொதி கட்டுபவர்களுக்கும் இடையே ஓயாத பேச்சு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். டெபியனில் இந்த வேலையைச் செய்பவர்களில் மிகப் பலர் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நிற்பதும் டெபியன் என்ற அடித்தளத்தின் மேல்தான்.

உங்கள் கணினியில் டெபியனோ உபுண்டுவோ இருந்தால், ‘ஆப்ட் அப்டேட்’, பிறகு ‘ஆப்ட் அப்கிரேட்’ என்று வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட ஓட்டை அடைபட்டதா என்று அறிய, அந்த ஓட்டைக்கான சிவிஇ எண்ணை டெபியனின் செக்யூரிட்டி டிராக்கரில் போட்டுத் தேடினால், எந்த வெளியீட்டில் எந்தப் பொதியில் திருத்தம் வந்தது என்று காட்டும். உங்கள் வெளியீட்டின் ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது என்றும் பார்த்துக் குறித்துவையுங்கள். டெபியன் 12-க்கு நீட்டித்த ஆதரவு 2028 ஜூன் வரை. அதன்பின்னும் ஆப்ட் சில காலம் பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடிக்கலாம். தைத்துக் கொடுக்கத்தான் அங்கே ஆள் இருக்காது.