கடல்மேல் ஒரு முதுமை: கப்பல் வீடாக முடியுமா?

ஓய்வுபெற்ற பின்னர் எங்கே வாழ்வது என்ற கேள்வி மேற்கு நாடுகளில் வயது முதிர்ந்தோரை மட்டுமன்றி அவர்களது பிள்ளைகளையும் வாட்டுகின்ற ஒன்றாக மாறியிருக்கின்றது. பிள்ளைகளோடு சேர்ந்து வாழும் வழக்கம் அங்கு பெரும்பாலும் அருகிவிட்டது. தனித்து வாழ்வதற்கு ஒரு வயதின் பின்னர் உடல் இடந்தருவதில்லை. முதியோர் வதிவிடங்களின் கட்டணமோ ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே செல்கின்றது. இந்த நெருக்கடிக்கு நடுவே ஒரு சாரார் கண்டுபிடித்திருக்கும் விடைதான் உல்லாசப் பயணக் கப்பல். விடுமுறைக்காக ஏறி இறங்குவதற்கல்ல. வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, கப்பலிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதற்கு.

இதனைச் செல்வந்தர்களின் விசித்திர ஆசை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. 2004ஆம் ஆண்டிலேயே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் ஆய்வுச் சஞ்சிகையில் இது பற்றிய கட்டுரையொன்று வெளியாயிற்று. சிக்காகோவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்களான லீ லின்ட்குவிஸ்ட், ரொபர்ட் கோலப் ஆகிய இருவரே அதனை எழுதியவர்கள். உணவு, அறைத் துப்புரவு, அன்றாடக் காரியங்களுக்குச் சிறிது கைலாகு என்பவற்றை வழங்கும் உதவி வதிவிடமொன்றில் எண்பது வயதில் சேரும் ஒருவருக்கு இருபது ஆண்டு காலத்தில் ஏற்படக்கூடிய சராசரிச் செலவை அவர்கள் மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்த்தனர். வதிவிடத்துக்குச் சுமார் 228,000 டொலர். கப்பலுக்குச் சுமார் 230,000 டொலர். அதாவது இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியாயின் சாப்பாடும் இசையும் கடற்காற்றும் கிடைக்கின்ற இடத்திலேயே முதுமையைக் கழித்தால் என்ன என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

அதன் பின்னர் தரைச் செலவு எங்கோ சென்றுவிட்டது. காப்புறுதி நிறுவனமான ஜென்வேர்த்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி அமெரிக்காவில் உதவி வதிவிடமொன்றின் இடைநிலைக் கட்டணம் ஆண்டுக்கு 64,200 டொலர். தாதியர் பராமரிப்பு இல்லத்தில் தனி அறையென்றால் 116,800 டொலர். அதே 2023இல் மூன்றாண்டு உலகப் பயணமொன்றை அறிவித்த நிறுவனம் இருவர் பகிரும் அறையில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 30,000 டொலர் என்று விளம்பரம் செய்தது. இந்த இலக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் கப்பலில் ஏறிவிடத் தோன்றுவது இயல்பே. அவுஸ்திரேலியத் தம்பதியினர் 2022 ஜூன் மாதத்திலிருந்து ஒரே கப்பலில் 51 பயணங்களை அடுத்தடுத்துப் பதிவுசெய்து அதிலேயே வாழத் தொடங்கியதும், முதியோர் இல்லத்தைவிட இது மலிவு என்று அவர்கள் கூறியதும் அக்காலத்தில் உலகெங்கும் செய்தியாயின.

ஆனால் கப்பல் ஏன் மலிவாக இருக்கின்றது என்ற கேள்வியை இத்தகைய செய்திகள் பெரும்பாலும் கேட்பதில்லை. நாம் கேட்டாக வேண்டும். முதலாவது காரணம் வணிகஞ் சார்ந்தது. புறப்படும் வேளையில் வெறுமையாகக் கிடக்கும் அறையினால் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை. எனவே எந்த விலைக்காயினும் அறையை நிரப்பிவிட்டு மதுபானம், சூதாட்டம், கரைச் சுற்றுலா, இணைய வசதி ஆகியவற்றின் மூலம் இலாபத்தை ஈட்டுவது அவர்களது வழக்கம். இரண்டாவது காரணம் கப்பலின் கொடி. புளோரிடாவில் தலைமையகத்தை வைத்துக்கொண்டு பஹாமாஸ், பனாமா, பெர்மியூடா போன்ற நாடுகளில் கப்பல்களைப் பதிவுசெய்வதால் அமெரிக்க வரியும் தொழிற் சட்டமும் பெருமளவில் அவற்றைத் தீண்டுவதில்லை.

மூன்றாவது காரணமே முக்கியமானது. சிக்காகோவின் முதியோர் வதிவிடத்தில் படுக்கை விரிக்கும் பெண்ணுக்கு அமெரிக்காவின் கூலி கொடுக்கப்பட வேண்டும். கப்பலில் அதே படுக்கையை விரிப்பவர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து, சில கப்பல்களில் எமது நாட்டிலிருந்தும், ஒப்பந்தத்தின் பேரில் வந்தவர். சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் கடல்சார் தொழில் ஏற்பாட்டின் கீழ் தேர்ச்சிபெற்ற மாலுமி ஒருவருக்கு 2025 ஜனவரி முதல் விதிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதாந்த அடிப்படை ஊதியம் 673 டொலர். வேலை நேரத்துக்கு அந்த ஏற்பாடு விதிக்கும் உச்ச வரம்பே ஒரு நாளில் 14 மணித்தியாலமும் வாரத்தில் 72 மணித்தியாலமும் ஆகும். ஒரு நாட்டின் முதியோரை மற்றொரு நாட்டின் இளைஞர்கள் கவனித்துக்கொள்வதில்தான் அந்த மலிவின் பெரும்பகுதி அடங்கியிருக்கின்றது. அந்த இளைஞர்களின் பெற்றோரும் எங்கோ முதுமை எய்திக்கொண்டிருக்கின்றனர் என்பது கணக்கில் வருவதில்லை.

இருந்தபோதிலும், கப்பலை நாடுவோரை வெறும் செலவுக் கணக்கு மட்டுமே ஈர்க்கின்றது என்று கூறுவது அவர்களுக்கு நீதி செய்வதாகாது. பிரித்தானியாவின் புகழ்பெற்ற இரண்டாம் எலிசபெத் மகாராணி கப்பலில் அமெரிக்க விதவை ஒருவர் பல ஆண்டுகள் நிரந்தரமாகவே வாழ்ந்தார். இத்தகையோரின் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது கடலின் அழகன்று. காலையில் தமது பெயரைச் சொல்லி வணக்கம் கூற ஒருவர் இருக்கின்றார். இரவு உணவுக்கு மேசையில் பேசத் துணை இருக்கின்றது. ஒருநாள் அறையை விட்டு வெளியே வராவிட்டால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்பதுதான். அயலவர் பெயரே தெரியாத அடுக்குமாடிக் குடியிருப்பில், தொலைக்காட்சியின் முன்னால் தனித்து உண்டு உறங்கும் மூதாட்டி ஒருவருக்கு இது சிறிய விடயமல்ல. தரையிலுள்ள சமூகம் கொடுக்கத் தவறியதைக் கப்பல் விலைக்குக் கொடுக்கின்றது என்றே கொள்ள வேண்டும்.

நோய் வரும்வரை இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கும்.

கப்பல்களில் மருத்துவரும் தாதியரும் உள்ளனர். எக்ஸ்றே கருவி, சாதாரண இரத்தப் பரிசோதனை, மாரடைப்புக்கான முதற்கட்டச் சிகிச்சை என்பன பெரிய கப்பல்களில் கிடைக்கும். ஆனால் கப்பலின் சிகிச்சை நிலையம் நோயாளியைக் கரை சேரும்வரை தாங்கிப் பிடிப்பதற்காக ஏற்படுத்தப்பட்டதேயன்றி, மாதக்கணக்கில் பராமரிப்பதற்கானதல்ல. இடுப்பெலும்பு முறிந்தவருக்குச் சத்திரசிகிச்சை அங்கு இல்லை. பசுபிக் சமுத்திரத்தின் நடுவே பல நாட்கள் கரையே தென்படாத பாதைகளில் ஹெலிகொப்டரும் எட்டாது. அடுத்த துறைமுகத்தில் இறக்கப்படும் நோயாளி, தமக்கு மொழி தெரியாத நாட்டின் வைத்தியசாலையில் தனியே விடப்படக்கூடும். கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டுச் சென்றுவிடும்.

செலவை யார் ஏற்பது? அமெரிக்க அரசு முதியோருக்கு வழங்கும் மெடிகெயார் மருத்துவக் காப்புறுதி, கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் நிற்கும்போது அல்லது அங்கிருந்து ஆறு மணித்தியாலப் பயண எல்லைக்குள் அமெரிக்கக் கடற்பரப்பில் இருக்கும்போது மட்டுமே கப்பல் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும். அதற்கு அப்பால் அநேகமாக எதுவுமில்லை. பிரித்தானியரின் நிலையும் சிக்கலானதே. அந்நாட்டு வைத்தியசாலைகளில் இலவச சிகிச்சை பெறும் உரிமை வழமையான வதிவிடத்தை அடிப்படையாகக் கொண்டது. வீட்டை விற்றுவிட்டு ஆண்டுக்கணக்கில் கடலில் திரிபவர் அந்தத் தகுதியை நிரூபிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம். பயணக் காப்புறுதி நிறுவனங்களோ வயது ஏற ஏறக் கட்டணத்தை உயர்த்துவதும், ஏற்கனவே உள்ள நோய்களை விலக்கிவைப்பதும் யாவரும் அறிந்ததே.

மறதி நோயின் விடயம் இதனிலும் வேதனையானது. ஒரே மாதிரியான கதவுகள், ஒரே மாதிரியான நீண்ட நடைபாதைகள், ஒவ்வொரு வாரமும் மாறுகின்ற முகங்கள். நினைவு தளரத் தொடங்கிய ஒருவருக்கு இதனைவிடப் பொருந்தாத இடத்தைக் கற்பனை செய்வது கடினம். துணையின்றி தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாத பயணியைத் தொடர்ந்து வைத்திருக்கக் கப்பல் நிறுவனங்கள் சம்மதிப்பதுமில்லை. முதியோர் இல்லம் எந்தக் கட்டத்தில் உண்மையாகவே தேவைப்படுகின்றதோ, அந்தக் கட்டத்தில் கப்பல் கதவைத் திறந்து விட்டுவிடுகின்றது. ஆகவே இரண்டின் கட்டணங்களையும் ஒப்பிடுவது ஒரே பண்டத்தின் இரு விலைகளை ஒப்பிடுவதாகாது.

சட்டத்தின் கண்ணிலும் அந்த அறை வீடல்ல. வாடகைக்கு இருப்பவரைத் திடீரென வெளியேற்ற முடியாதவாறு பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. கப்பலில் இருப்பவர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் பயணி. அவரிடம் இருப்பது பயண ஒப்பந்தம். அவரை இறக்கிவிடும் அதிகாரம் கப்டனுக்கு உண்டு. கப்பல் விற்கப்படலாம், நிறுவனம் கடனில் மூழ்கலாம். ஹொங்கொங்கின் கென்டிங் குழுமம் 2022 ஜனவரியில் நிலைகுலைந்தபோது அதற்குச் சொந்தமான கிறிஸ்டல் சிம்பொனி கப்பல் பயணிகளுடன் மியாமிக்கு வந்துகொண்டிருந்தது. எரிபொருளுக்கான கடனைச் செலுத்தாத காரணத்தால் கப்பலைக் கைப்பற்றுமாறு அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டிருந்ததால், அது மியாமியைத் தவிர்த்து பஹாமாஸ் தீவுகளை நோக்கித் திரும்பிற்று. பயணிகள் அங்கிருந்து வேறு படகில் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டனர்.

மேலே குறிப்பிட்ட மூன்றாண்டு உலகப் பயணத்தின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. துருக்கிய நிறுவனமொன்றின் 'லைஃப் அட் சீ' என்ற அத்திட்டத்தின்படி 2023 நவம்பர் 1ஆம் திகதி இஸ்தான்புல்லிலிருந்து கப்பல் புறப்பட வேண்டும். 135 நாடுகள், 375 துறைமுகங்கள் என்றெல்லாம் கூறப்பட்டது. நிறுவனம் வாங்க எண்ணியிருந்த கப்பலை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. புறப்படும் நாள் தள்ளிப்போய், ஈற்றில் நவம்பர் மாதத்திலேயே பயணம் கைவிடப்பட்டது. கப்பல் இன்றியே கப்பல் வாழ்க்கை விற்கப்பட்டிருக்கின்றது என்பதே இதன் சுருக்கம். பயணிகளுள் வீட்டை விற்றவர்கள் இருந்தனர், வாடகைக்கு விட்டு வெளியேறியவர்கள் இருந்தனர். இஸ்தான்புல்லுக்கு வந்து காத்திருந்தவர்களும் இருந்தனர்.

அடுத்த ஆண்டில் வில்லா வீ நிறுவனத்தின் ஒடிஸி கப்பல் 2024 மே மாத இறுதியில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலிருந்து புறப்படவிருந்தது. சுக்கான் முதலியவற்றில் திருத்தவேலை முடியாமல் நான்கு மாதங்கள் அது அங்கேயே நின்றது. பயணிகள் பகலில் கப்பலில் உண்பதும் இரவில் ஹோட்டல்களில் உறங்குவதுமாகக் காலத்தைக் கழித்தனர். ஒரு வழியாக அது செப்டெம்பர் இறுதியில் புறப்பட்டது. அந்தக் கப்பல் 1993இல் கட்டப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. கப்பலுக்கும் முதுமை உண்டு. இரண்டாம் எலிசபெத் மகாராணி கப்பல் 1969இல் சேவைக்கு வந்து 2008 நவம்பரில் ஓய்வுபெற்று துபாய் சென்றடைந்தபோது, அதனையே வீடாகக் கொண்டிருந்த அந்த மூதாட்டி இறங்க நேர்ந்தது. கப்பல் பின்னர் அங்கேயே நிலையான ஹோட்டலாக மாற்றப்பட்டது.

இந்த ஆபத்துக்களிலிருந்து ஓரளவு தப்பியவர்கள் 'த வேர்ல்ட்' கப்பலின் குடியிருப்பாளர்கள். 2002இல் நோர்வேயிலிருந்து வந்த அக்கப்பலில் 165 குடியிருப்புகள் உள்ளன. 2003இல் குடியிருப்பாளர்களே கப்பலை வாங்கிக்கொண்டதால் எங்கே செல்வது, எப்போது திருத்துவது என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கின்றனர். ஆனால் அது கோடீஸ்வரர்களின் கிராமம். ஓய்வூதியத்தை நம்பி வாழும் பாடசாலை ஆசிரியைக்கு அங்கே இடமில்லை.

எனவே கப்பலில் வாழவே கூடாது என்பது எமது கருத்தல்ல. மேற்சொன்ன அவுஸ்திரேலியத் தம்பதியினரைப் போன்று பயணம் பயணமாகப் பதிவுசெய்பவர், அறையை விலைக்கு வாங்குபவரைவிட எளிதாக இறங்கிவிடலாம். கரையில் சிறிய குடியிருப்பு ஒன்றையேனும் வைத்திருப்பவருக்கு நோய் வந்தால் திரும்பிச் செல்ல முகவரி இருக்கும். தனியே செல்பவர் அறை முழுவதற்கும் ஏறக்குறைய இரட்டைக் கட்டணம் கொடுக்க நேரிடும் என்பதையும் நாளாந்தச் சேவைக் கட்டணத்தையும் காப்புறுதியையும் சேர்த்துக் கணக்கிட்டால், விளம்பரத்திலுள்ள 30,000 டொலர் 30,000 டொலராக இராது. பிள்ளைகள் பெற்றோருடன் இருந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெற்றோர் அதனைத் தனியே போடுகின்றனர் என்பதே அநேக வீடுகளின் நிலைமை.

முகவரியின் பெறுமதி 2020இல் கொவிட் பரவியபோது தெளிவாகத் தெரிந்தது. நோயாளிகளைச் சுமந்த சான்டாம் கப்பலுக்குத் தென் அமெரிக்கத் துறைமுகங்கள் கதவடைத்தன. நால்வர் உயிரிழந்த பின்னர் ஏப்ரல் 2ஆம் திகதியே அது புளோரிடாவில் கரைதட்ட முடிந்தது. அமெரிக்கக் கரையோரங்களில் மாத்திரம் சுமார் 100 கப்பல்களில் ஏறக்குறைய 80,000 ஊழியர்கள் தேங்கிக் கிடந்தனர். ஜனவரியில் இத்தாலியிலிருந்து உலகப் பயணம் புறப்பட்ட எம்.எஸ்.சி. மக்னிபிகா, ஏப்ரல் முற்பகுதியில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் சமையற்காரராகப் பணியாற்றிய இலங்கையர் ஒருவர் தம்மைத் தாயகத்தில் இறங்க அனுமதிக்குமாறு சமூக ஊடகத்தின் வாயிலாக மன்றாடியிருந்தார். கடற்படையினர் அவரை இறக்கித் தனிமைப்படுத்தலுக்கு அழைத்துச் சென்றனர். அதே வேளையில் அவசர சிகிச்சை தேவைப்பட்ட ஜேர்மனியப் பெண் பயணி ஒருவரும் இறக்கப்பட்டுக் கொழும்பு வைத்தியசாலை ஒன்றில் சேர்க்கப்பட்டார். ஏனையோர் கரையைக் காணாமலேயே கடல் வழியாகத் தொடர்ந்து சென்று, ஏப்ரல் 20ஆம் திகதி பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில்தான் தரையில் கால் வைத்தனர்.